எட்டே கால் முதல் ஒன்பதே கால் வரை

திருப்பூர் வேலம்பாளையத்தில் எட்டரைக்குப் பனியன் கம்பெனி ஷிப்ட் ஆரம்பம். ஒன்பது, ஒன்பதே காலுக்குள் பள்ளிக்கூட மணி. இரண்டுக்கும் ஓடுகிறவர்களுக்கு இருப்பது ஒரே ரோடுதான். சாயப்பட்டறையிலிருந்து துணி ரோல் ஏற்றி வரும் டெம்போ, கட்டிங் முடிந்த பண்டல்களைத் தைக்கிற யூனிட்டுக்குக் கொண்டுபோகும் குட்டி யானை வண்டி, சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆள் ஏற்றி வரும் கம்பெனி பஸ், மஞ்சள் வேன், பிள்ளைகள் வெளியே பிதுங்கும் ஆட்டோ, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு பிள்ளைகளை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு வரும் அம்மா. அத்தனைக்கும் நடுவில் முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டிலோடு நடந்து போகும் பிள்ளைகள்.

இந்தப் பிள்ளைகள் முன்னைவிடச் சீக்கிரமே ரோட்டுக்கு வந்துவிடுகிறார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு போடுகிறார்கள். நல்ல திட்டம், மனசார வாழ்த்துகிறேன். ஷிப்டுக்குப் போகும் அம்மாவுக்கு அடுப்படி வேலை ஒன்று குறைந்தது, பிள்ளை வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காருவதில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் கம்பெனி வண்டிகள் பறக்கிற அதே நேரத்தில்தான் பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது.

கட்டிங் டேபிளில் நின்று வேலை பார்த்த காலத்தில் இந்த நேரத்தை நானும் ஓட்டமாகத்தான் கடந்தேன். இப்போது பேத்தியைப் பள்ளியில் விட்டுவரும் அப்பாராக அதே ரோட்டோரம் நிற்கிறேன். வீட்டுக்கு வீடு வாசலில் ஒரே குரல்தான்: "பாத்துப் போ சாமி", "ஓரமாவே போ கண்ணு." அந்தக் குரலில் பாசத்துக்குக் குறைவில்லை. இருந்தாலும் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பும்போது, ரோட்டைக் கடக்கிற பொறுப்பு முழுவதையும் ஆறு வயசுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டுத்தான் நாம் ஷிப்டுக்குப் போகிறோம். அந்தப் பொறுப்பைப் பிள்ளையால் சுமக்க முடியாது. எவ்வளவு சுட்டியான பிள்ளையாக இருந்தாலும் முடியாது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். இருவழி ரோடு என்றால் தார் விரிப்பு மட்டும் சுமார் 7 மீட்டர். பையைச் சுமந்துகொண்டு நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கிற பிள்ளைக்கு அதைக் கடக்க 7 நொடி ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற டெம்போ அந்த 7 நொடியில் சுமார் 78 மீட்டர் வந்துவிடும். அதாவது ஏறக்குறைய 80 மீட்டருக்கு அப்பால் வரும் வண்டியைப் பார்த்து, அது எவ்வளவு வேகமாக வருகிறது, நாம் போய்ச் சேருவதற்குள் அது இங்கே வந்துவிடுமா என்று ரெண்டாங்கிளாஸ் பிள்ளை முடிவெடுக்க வேண்டும். மூன்றரை அடி உயரத்தில் நிற்கிற பிள்ளைக்கு 80 மீட்டர் எங்கே தெரியும்? ஓரத்தில் சரக்கு இறக்கிக்கொண்டு நிற்கும் ஒரு குட்டி யானை போதும், ரோடு முழுவதும் மறைந்துவிடும்.

டிரைவர் பக்கத்துக் கணக்கு இன்னும் மோசம். ரோட்டில் பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 30-ல் வந்தால் அந்த ஒரு நொடியில் வண்டி 8 மீட்டர் ஓடியிருக்கும். 60-ல் வந்தால் கிட்டத்தட்ட 17 மீட்டர். இது பிரேக் பிடிப்பதற்கு முன்னால் ஓடியது. பிடித்த பிறகு வண்டி நிற்க ஆகும் தூரம், வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். "லேட்டாயிருச்சுங்க, கொஞ்சம் முறுக்கினேன்" என்று சொல்கிற தம்பிகள் அந்தக் கொஞ்சத்துக்கு என்ன விலை என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்வீடனில் ஸ்டீனா சாண்டெல்ஸ் என்ற குழந்தை உளவியல் அறிஞர் 1960-களில் பிள்ளைகள் ரோட்டில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தார். எந்தத் திசையிலிருந்து சத்தம் வருகிறது, எவ்வளவு தூரத்தில் வண்டி வருகிறது என்பதையெல்லாம் சின்னப் பிள்ளைகளால் சரியாகக் கணிக்க முடிவதில்லை, எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் விளையாட்டு ஞாபகம் வந்த நிமிடத்தில் பாடம் மறந்துபோகிறது என்று எழுதினார். பிள்ளையைப் போக்குவரத்துக்கு ஏற்ப மாற்றப் பார்க்காதீர்கள், போக்குவரத்தைப் பிள்ளைக்கு ஏற்ப மாற்றுங்கள் என்பதுதான் அவர் வந்து சேர்ந்த முடிவு. பேரன் பேத்தி வளர்த்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது. எதிர்ப்பக்கம் சினேகிதி நின்று கூப்பிட்டால் பிள்ளை ஓடும். கையிலிருந்த பந்து உருண்டால் பின்னாலேயே ஓடும்.

நம் நாட்டில் 2022-ம் வருடம் மட்டும் சாலை விபத்துகளில் இறந்த 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் 9,500-க்கும் மேல் என்பது மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. ஒரு நாளைக்கு 26 பிள்ளைகள். ஒரு வகுப்பறை நிறைய.

நம் ஊரில் விதி எப்போது எழுதப்படுகிறது தெரியுமா? ஒரு பிள்ளை போன பிறகு. 2012 ஜூலை 25 அன்று தாம்பரம் பக்கம் முடிச்சூரில் பள்ளி பஸ்ஸின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக ரெண்டாங்கிளாஸ் படித்த சிறுமி ரோட்டில் விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாடு அரசு தனிச் சிறப்பு விதிகள் கொண்டுவந்தது. பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர் கட்டாயம், அவசர வழி, முதலுதவிப் பெட்டி, ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் கூட்டுக் குழுவின் சோதனை எல்லாம் அப்போது வந்தவை. இன்றைக்கும் மே மாத வெயிலில் மைதானத்தில் மஞ்சள் வண்டிகள் வரிசையாக நிற்பதும், ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரர்கள் குனிந்து தளத்தைத் தட்டிப் பார்ப்பதும் அந்தச் சிறுமியால்தான்.

2022 மார்ச் 28-ல் சென்னை ஆழ்வார்திருநகரில், வேனிலிருந்து இறங்கிய ஏழு வயசுப் பையன் உள்ளே மறந்துவிட்டதை எடுக்கத் திரும்பி வந்தபோது பள்ளி வளாகத்துக்குள்ளேயே அந்த வேனில் அடிபட்டு இறந்தான். அதற்குப் பிறகுதான் முன்னும் பின்னும் கேமரா, எச்சரிக்கை சென்சார் எல்லாம் விதியில் ஏறின. 2025 ஜூலை 8-ல் கடலூர் பக்கம் செம்மங்குப்பம் லெவல் கிராசிங்கில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். சிக்னலோடு இணைக்கப்படாத கேட் அது. மறுநாளே எல்லாக் கேட்டிலும் சிசிடிவி கேமரா, கூடுதல் கேட்டுகளுக்கு சிக்னல் இணைப்பு என்று ரயில்வே அறிவித்தது. அறிவிப்புகளைக் குறை சொல்லவில்லை. ஒவ்வொன்றும் ஒரு வீட்டு ஒப்பாரிக்குப் பிறகு வருகிறதே என்றுதான் நெஞ்சு கொதிக்கிறது. அடுத்த விதிக்கான பிள்ளை எங்கள் வீதியிலிருந்து போகக் கூடாது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விதிகளில் பெரும்பாலானவை மஞ்சள் வண்டியோடு நின்றுவிடுகின்றன. வேலம்பாளையத்தில் எத்தனை வீட்டுப் பிள்ளைக்கு மஞ்சள் வண்டி வாய்த்திருக்கிறது? பீஸ் ரேட்டில் தைக்கிற வீட்டில் வேன் ஃபீஸ் கட்ட முடியாது. அந்தப் பிள்ளைகள் நடந்தும், ஆட்டோவிலும், ஸ்கூட்டியிலும் போகிறார்கள். நடக்கிற பிள்ளைக்கு ஃபிட்னஸ் சான்றிதழ் இல்லை, உதவியாளர் இல்லை, மே மாதச் சோதனையும் இல்லை.

மஞ்சள் வண்டியிலும் விதி பாதிதான் காப்பாற்றும், மீதியைக் கூட இருக்கும் மனிதர்தான் காப்பாற்ற வேண்டும். வேன் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தைவிட நிற்கும் அரை நிமிடம்தான் எனக்குப் பெரிய பயம். பிள்ளை இறங்குகிறது. செருப்பு கழன்றதோ, பாட்டில் விழுந்ததோ, குனிகிறது. வேன் மூக்குக்கு நேர் கீழே குனிந்த பிள்ளை டிரைவர் சீட்டிலிருந்து தெரியாது. உதவியாளர் அம்மா மேலேயே நின்றுகொண்டு கதவைச் சாத்தி "ரைட்" சொல்லிவிட்டால் முடிந்தது. அவர் முதலில் கீழே இறங்க வேண்டும், பிள்ளையின் கையைப் பிடித்து இறக்க வேண்டும், எதிர்ப்பக்கம் வீடென்றால் தானே கடத்திவிட வேண்டும், திரும்பி வந்து வண்டியின் முன்னும் பின்னும் பார்த்த பிறகுதான் குரல் கொடுக்க வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் ஆகும். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். அமெரிக்காவில் பள்ளி பஸ் விளக்கைப் போட்டு நின்றுவிட்டால் பின்னால் வருகிற வண்டியும், நடுவில் தடுப்பில்லாத ரோடாக இருந்தால் எதிரே வருகிற வண்டியும் நின்றே ஆக வேண்டும். இங்கே பிள்ளை இறங்குகிற பக்கத்திலேயே இடது ஓரமாகப் புகுந்து போகிற பைக்குகளை நான் தினமும் பார்க்கிறேன்.

கூட இருக்கிற மனிதர் என்றேனே, எங்கள் மாவட்டத்திலேயே அதற்கு ஒரு பேர் இருக்கிறது. 2024 ஜூலையில் வெள்ளகோவிலில் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்த சேமலையப்பனுக்கு வழியில் நெஞ்சு வலி வந்தது. வேனுக்குள் சுமார் 20 பிள்ளைகள். அந்த வலியிலும் வண்டியைக் கட்டுக்குள் வைத்து ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தார், உயிர் போய்விட்டது. பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை. முதலமைச்சர் இரங்கல் சொல்லிக் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் அறிவித்தார். 2009 டிசம்பரில் வேதாரண்யம் பக்கம் வேன் குளத்தில் பாய்ந்தபோது, உள்ளே இருந்த 21 வயசு ஆசிரியை பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே இழுத்துவிட்டுத் தண்ணீருக்குள்ளேயே இறந்துபோனார். ஒன்பது பிள்ளைகளைக் காப்பாற்ற முடியவில்லை, கரையேறிய பிள்ளைகள் அவரால் கரையேறினார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு நாம் கொடுக்கும் சம்பளம் என்ன, வேன் டிரைவருக்கு வருஷத்துக்கு ஒருமுறையாவது உடம்பைச் சோதிக்க ஏற்பாடு உண்டா என்று எந்தப் பெற்றோர் கூட்டத்திலாவது கேட்டிருக்கிறோமா? பரீட்சை மார்க்கைப் பற்றித்தான் கேட்கிறோம்.

ஸ்கூட்டி அம்மாக்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் அவசரம் எனக்குத் தெரியும், அம்மிணி. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். முன்னால் நிற்கவைத்த பிள்ளையின் நெஞ்சுக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் இருக்கும் உங்கள் உடம்பும் பிள்ளைமீதுதான் சாயும். கடை முன்னால் வண்டியை ஓடவிட்டபடியே ஒரு காலை ஊன்றிக் காசு கொடுப்பீர்கள், அந்த நேரத்தில் பிள்ளை விளையாட்டாக ஆக்சிலேட்டரைத் திருகும். சாவியைத் திருகி அணைத்துவிட்டுக் காசு எடுங்கள். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் செருகிக்கொள்ளுங்கள், பின்னால் உட்காரும் பிள்ளையின் பை வாரையும் பாருங்கள்.

நான்கு வயசுக்கு மேல் யாராக இருந்தாலும் ஹெல்மெட் வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயசு வரையுள்ள பிள்ளையை ஏற்றினால் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வார், பிள்ளைக்கென்று ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்று 2023 பிப்ரவரி 15 முதல் மத்திய அரசு விதி நடப்பில் இருக்கிறது. அப்பாவின் ஹெல்மெட்டைப் பிள்ளை தலையில் கவிழ்த்தால் அது கண்ணைத்தான் மறைக்கும், பிள்ளை அளவிலேயே வாங்க வேண்டும். தீபாவளிக்கு எடுக்கும் ஒரு செட் துணியின் விலைக்குள் அடங்கும்.

பத்தாங்கிளாஸ் பையனிடம் பைக் சாவியைக் கொடுக்கும் அப்பாக்களுக்குச் சட்டம் சொல்வதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரை லைசென்ஸ் கிடையாது.

நடக்கிற பிள்ளைகளிடம் திரும்ப வருகிறேன். திருப்பூர் வெளியூர்க்காரர்கள் வந்து வாழ்கிற ஊர். மதுரைப் பக்கம், தேனிப் பக்கம், தஞ்சாவூர்ப் பக்கம் என்று வந்தவர்கள் ஒரு தலைமுறைக்கு முன்னால். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். லைன் வீட்டில் ஒரு ரூம் எடுத்து அப்பா அம்மா இருவரும் ஷிப்டுக்குப் போகிறார்கள், ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். அந்தப் பிள்ளைகளுக்கு அப்பாரு, ஆத்தா, அப்புச்சி, அம்மிச்சி எல்லாரும் சொந்த ஊரில். கையைப் பிடித்துக் கூட்டிப்போக வீட்டில் ஆள் இல்லை. எட்டு வயசு அக்கா ஐந்து வயசுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறாள். ஒரு கையில் தம்பி, இன்னொரு கையில் இரண்டு பேருடைய சாப்பாட்டுத் தட்டும் போட்ட பை. வண்டி வருகிறதா என்று வலப்பக்கம் மட்டும் பார்க்கிறாள். இடப்பக்கமிருந்து ராங் சைடில் வரும் பைக்கை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்?

இந்தப் பக்கம் பார்த்தால், கம்பெனியிலிருந்து ஓய்ந்து வீட்டில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் வீதிக்கு வீதி இருக்கிறோம். காலையில் டீக்கடையில் தந்தி பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்து, பதினோரு மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோம். பாட்டன் பாட்டி இல்லாத பிள்ளைகளும் பேரப்பிள்ளை பள்ளிக்குப் போய்விட்ட பெரியவர்களும் ஒரே வீதியில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் இருக்கிறோம். இதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

ஜப்பானில் பல இடங்களில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைத் தனித்தனியாக அனுப்புவதில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி, பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்று முன்னால், இன்னொன்று பின்னால் நிற்க, வரிசையாக நடந்து போகிறார்கள். முனைகளில் மஞ்சள் கொடியோடு ஊர்ப் பெரியவர்கள் நின்று கடத்திவிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மஞ்சள் தொப்பி. நம் பக்கமும் ஆர்.எஸ்.பி. என்று பள்ளிகளில் சாலைப் பாதுகாப்புப் படை உண்டு. அது பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் ஷிப்டுக்குப் பறக்கிற டெம்போ டிரைவர் பதிமூன்று வயசுப் பையன் கை காட்டினால் நிற்பாரா? நரைத்த தலை நடுரோட்டில் கை காட்டினால் நிற்பார். இந்த ஊரில் வயசுக்கு இன்னும் அந்த மரியாதை இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்காகச் செலவழிப்போம்.

நாலைந்து பேர் பேசி வைத்திருக்கிறோம். பள்ளிக்கு முந்திய முனை, ரோடு வளையும் இடம், சந்துகள் வந்து சேரும் இடம் என்று ஒவ்வோர் இடத்திலும் இருவர். ஒருவர் வண்டியை நிறுத்த, ஒருவர் பிள்ளைகளோடு கடக்க. சிவப்புத் துணிக்கும் மஞ்சள் துணிக்கும் இந்த ஊரில் என்ன பஞ்சம், கொடிக்குக் கட்டிங் வேஸ்ட்டே போதும். பிள்ளைகளை நாலைந்து பேராகச் சேர்த்துத்தான் கடத்த வேண்டும், ஒவ்வொருவராக விட்டால் டிரைவர்கள் பொறுமை இழப்பார்கள். தமிழ் தெரியாத பிள்ளைகளுக்குக் கைச் சைகையே போதும், நாலு நாளில் பழகிவிடும். மாலை நாலு மணிக்கும் நிற்க வேண்டும். மாலையில் பிள்ளைகள் வீட்டு ஆசையில் ஓடுவார்கள், காலையைவிட அப்போதுதான் கவனம் அதிகம் வேண்டும்.

கம்பெனி முதலாளிகளிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. ஆள் வண்டியை நிறுத்த வழியில்லை, ஷிப்டுக்கு வந்தாக வேண்டும். சரக்கு வண்டியை நிறுத்தலாமே. எட்டே காலிலிருந்து ஒன்பதே கால் வரைக்கும், மாலை நாலிலிருந்து ஐந்து வரைக்கும் துணி ரோலும் பண்டலும் பள்ளிக்கூட ரோட்டில் வரவேண்டாம் என்று யூனிட்டுக்குச் சொல்லுங்கள். பெரிய நகரங்களில் கனரக வண்டிகளுக்குக் காலை மாலை நேரக் கட்டுப்பாடு போலீஸே போடுகிறது, இங்கே அதை நீங்களாகவே செய்யலாம். கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் தேதியை ஒரு நாள் தவறாமல் பிடிக்கிற ஊர் இது. ஒரு மணி நேரத்தை முன்பின் தள்ளி வைக்கத் தெரியாதா நமக்கு? கைரேகை மிஷினில் ஐந்து நிமிடம் தாமதித்ததற்குச் சம்பளம் பிடிக்கிற வழக்கத்தையும், சின்னப் பிள்ளை உள்ள அம்மாக்களுக்கு மட்டுமாவது விட்டுக்கொடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தைப் பிடிக்கத்தான் ஆக்சிலேட்டர் முறுகுகிறது.

மே மாதம் மஞ்சள் வேன்களைச் சோதிக்கிற அதே வாரத்தில் வார்டு கவுன்சிலரையும் டிராபிக் போலீஸையும் அழைத்து இந்த ரோட்டை நடந்தே பார்க்கப் போகிறோம். அழிந்துபோன வரிக்குதிரைக் கோடு, வெள்ளை அடிக்காத வேகத்தடை, நடைபாதையில் அடுக்கிய சரக்கு, சாக்கடை மூடி இல்லாததால் பிள்ளைகள் ரோட்டுக்குள் இறங்கி நடக்கும் இடங்கள் எல்லாவற்றையும் காட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறக்கும் முதல் நாளிலிருந்து முனைகளில் நிற்க ஆள் வேண்டும். கண் நன்றாகத் தெரிந்து, ஒரு மணி நேரம் நிற்கக் காலில் தெம்பு இருக்கிற ஆண் பெண் யாரும் பேர் கொடுக்கலாம். ஏழே முக்காலுக்கெல்லாம் டீ குடித்து முடித்துவிட்டு வாருங்கள்.